எரேமியா 29:11-க்கு முன்னால் பத்து வசனங்கள் இருக்கின்றன

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் ஆன்மிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு இரண்டு நாள் சும்மாதான் இருந்தேன், மூன்றாம் நாள் முடியவில்லை. விசுவாசிக்கு வசனம் நேராகவே பேசும், வியாக்கியானம் எதற்கு, பண்டிதர்கள் கை வைத்தால் வேதத்தில் ஜீவன் போய்விடும் என்பது அந்தக் கட்டுரையின் சாரம். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் வேதாகமத்தில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகம், 29-ஆம் அதிகாரம், 11-ஆம் வசனம். அவர் வாதத்துக்கு இதைவிட உதவாத ஒரு வசனத்தைத் தேடினாலும் கிடைக்காது.

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் எங்கள் ஆலயங்களில் ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகளை வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும், வருகிறதுதான் அந்த ஆண்டுக்கான வசனம். அதில் அடிக்கடி வருவது இதுதான்: "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." பின்னணியில் சூரிய உதயம் அல்லது ஒரு ரோஜாப்பூ. பரீட்சை எழுதுகிற பிள்ளை எடுத்தால் மார்க், கல்யாணத்துக்குக் காத்திருக்கிற பெண் எடுத்தால் மாப்பிள்ளை, விசாவுக்குக் காத்திருப்பவர் எடுத்தால் விசா. 'எதிர்பார்த்திருக்கும் முடிவு' என்று அச்சில் இருக்கும்போது யாரைக் குறை சொல்ல?

சில வருஷங்களுக்கு முன் என் சித்திக்கு இந்த அட்டை வந்தது. சித்தப்பா அப்போது டயாலிசிஸில் இருந்தார். சித்தி அதை லேமினேட் பண்ணி பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தார்கள். ஆகஸ்டில் சித்தப்பா போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து வந்தவர்கள் கிளம்பிய பிறகு, சமையலறையில் நின்றுகொண்டு சித்தி என்னிடம் கேட்டார்கள்: "எதிர்பார்த்த முடிவுன்னு போட்டிருக்கே, இதுதானாய்யா அது?" தமிழ் வாத்தியாராக முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான், முடிவு என்ற சொல்லுக்கு இத்தனை கூர்மை இருப்பது அன்றைக்குத்தான் உறைத்தது. பதில் சொல்லத் தெரியவில்லை. அப்புறம்தான் அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து உட்கார்ந்து வாசித்தேன். எனக்கு எபிரெயம் தெரியாது. அகராதி, விளக்கவுரைகள், சொல்லடைவு வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் பார்க்கிறவன்தான், ஆனால் அந்த அளவுக்கே நிறைய கிடைத்தது.

முதலில், இது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து எரேமியா பாபிலோனுக்கு எழுதி, யூதாவில் அப்போது ராஜாவாக இருந்த சிதேக்கியா அனுப்பிய தூதர்கள் கையில் கொடுத்துவிட்ட கடிதம். யாருக்கு? பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் பிடித்துக்கொண்டு போன மூப்பர், ஆசாரியர், தீர்க்கதரிசிகள், ஜனங்கள் ஆகியோருக்கு என்று முதல் வசனமே சொல்கிறது; எப்போது என்றால், முந்தின ராஜா, அவன் தாய், பிரபுக்கள், தச்சர், கொல்லர் எல்லாரும் எருசலேமை விட்டுப் போன பிறகு என்று இரண்டாம் வசனம் சொல்கிறது. புறநானூற்றில் பாட்டுக்கு அடியில் யார் யாரை எப்போது பாடியது என்று ஒரு குறிப்பு இருக்குமே, அதைப் படிக்காமல் பொருள் எழுதிய மாணவனுக்கு நான் மார்க் போட்டதில்லை. இங்கே அந்தக் குறிப்பு வேதத்துக்குள்ளேயே இருக்கிறது, நாம்தான் அட்டையில் வெட்டி எறிந்துவிட்டோம்.

இந்தச் சிறைபிடிப்பு வெறும் கதையும் அல்ல. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் பாபிலோன் களிமண் பலகை ஒன்று, நேபுகாத்நேச்சாரின் ஏழாம் ஆண்டில் ஆதார் மாதம் இரண்டாம் தேதி யூதாவின் பட்டணத்தைப் பிடித்து, தனக்குப் பிடித்த ஒருவனை ராஜாவாக வைத்ததைச் சொல்கிறது. நம் கணக்கில் கி.மு. 597 மார்ச். 1956-இல் இந்தப் பலகை பிரசுரமானது. இன்னொன்றும் உண்டு. கோல்டவே என்ற ஜெர்மானியர் 1899 முதல் 1917 வரை பாபிலோனைத் தோண்டியபோது அரண்மனைப் பகுதியில் கிடைத்த படிக்கணக்குப் பலகைகளில், யூதாவின் ராஜா யோயாக்கீனுக்கும் அவன் ஐந்து மகன்களுக்கும் கொடுத்த எண்ணெய் அளவு எழுதியிருக்கிறது. 1939-இல் அது அச்சில் வந்தது. இரண்டாம் வசனத்தில் எகொனியா என்ற பெயரில் வருகிற அதே ராஜா, எதிரியின் ஊரில் ரேஷன் வாங்கிக்கொண்டிருக்கிறான்! பண்டிதர்கள் கை வைத்ததால் இதில் ஜீவன் போனதா, வந்ததா என்று கட்டுரையாளரே சொல்லட்டும்.

சரி, கடிதத்தில் என்ன இருக்கிறது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள். உங்களைச் சிறையாகக் கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபம் பண்ணுங்கள், அதற்குச் சமாதானம் இருந்தால்தான் உங்களுக்கும் சமாதானம். இது ஏழாம் வசனம். பாபிலோனுக்காக ஜெபம்! அதே பாபிலோனின் குழந்தைகளைக் கல்லில் மோதியடிப்பவன் பாக்கியவான் என்று 137-ஆம் சங்கீதம் முடிவதை நினைத்துக்கொண்டு இதை வாசித்துப் பாருங்கள். அந்த ஏழாம் வசனத்தில் 'ஷாலோம்' என்ற எபிரெயச் சொல் மூன்று தடவை வருகிறது, பதினொன்றாம் வசனத்தில் அட்டையில் வருகிற 'சமாதானத்துக்கேதுவான' என்பதும் அதே ஷாலோம்தான். நம் பழைய மொழிபெயர்ப்பு நான்கு இடத்திலும் சமாதானம் என்றே போட்டு அந்த இழையை அறுக்காமல் வைத்திருக்கிறது. பழையது என்று அதை ஒதுக்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆக, அட்டையில் இருக்கும் சமாதானம் தனியாக எனக்கு வந்து சேருகிற ஒன்று அல்ல, என்னைத் தூக்கிக்கொண்டு வந்தவன் ஊரின் சமாதானத்தோடு முடிச்சுப் போட்டது.

அப்புறம் பத்தாம் வசனம். எழுபது வருஷம். இதை யாரும் அட்டையில் போடுவதில்லை. கடிதம் வாசித்துக் கேட்டவர்களில் நாற்பது வயதுக்காரன் ஒருவன்கூட ஊர் திரும்பப் போவதில்லை, அவனுக்கே அது தெரியும். இதற்கு முந்தின 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில் ஜனங்கள் முன்னால் அறிவித்து, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்துப் போடுகிறான். கூட்டத்துக்கு யாரைப் பிடித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மர நுகத்துக்குப் பதில் இரும்பு நுகம் வரும் என்பதுதான் எரேமியா சொன்னது. இருவரில் யார் பொய்யன் என்று வேதம் தெளிவாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கும்போது, நாம் எரேமியாவின் வசனத்தை எடுத்து அனனியாவின் அர்த்தத்தைப் போட்டு அச்சடித்துக் கொடுக்கிறோம். எனக்கு இதுதான் தாங்கவில்லை.

கடிதம் போனதும் பாபிலோனிலிருந்து ஒரு பதில் வருகிறது, அதுவும் ரசமானது. செமாயா என்பவன் எருசலேம் ஆசாரியனுக்கு எழுதி, இந்த எரேமியா இங்கே நெடுங்காலம் ஆகும், வீடு கட்டுங்கள் என்று எழுதுகிறானே, அவனை ஏன் நீர் கண்டிக்கவில்லை என்று புகார் செய்கிறான். வாசகர் கடிதம் என்பது அவ்வளவு பழைய வழக்கம், ஐயா.

இந்த எழுபது வருஷத்தில் அங்கே போனவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கும் இப்போது சான்று இருக்கிறது. யூதாவின் பெயரையே வைத்துக்கொண்ட ஓர் ஊரையும் சுற்று வட்டாரத்தையும் சேர்ந்த ஆப்பெழுத்துப் பலகைகள் 2014-இல் பிரசுரமாயின, கி.மு. 572-இலிருந்து 477 வரையானவை. குத்தகை, வாற்கோதுமை, பேரீச்சை, வரி, கடன் என்று எல்லாம் கணக்கு வழக்கு. முறையான அகழாய்வில் எடுத்தவை அல்ல, பழம்பொருள் சந்தை வழியாக வந்தவை, எழுதியவர்களும் பாபிலோன் கணக்கர்கள்தான், அதனால் அழுகையும் ஏக்கமும் அதில் தெரியாது. இருந்தாலும் வீடு கட்டித் தோட்டம் போட்டிருக்கிறார்கள் என்பது தெரிகிறது.

இனி சித்தியின் கேள்விக்கு வருகிறேன். 'எதிர்பார்த்திருக்கும் முடிவு' என்று நாம் ஒரே தொடராக வாசிக்கும் இடத்தில் எபிரெயத்தில் இரண்டு பெயர்ச்சொற்கள் இருக்கின்றன, 'அஹரித்', 'திக்வா'. முதலாவது பின்னால் வருவது, பிற்காலம். இரண்டாவது நம்பிக்கை. இரண்டையும் சேர்த்து ஒரே கருத்தாக எடுத்ததால் 'எதிர்பார்த்த முடிவு' ஆகியிருக்கிறது, அப்படி எடுக்க இலக்கணத்தில் இடம் இல்லாமலும் இல்லை. ஆனால் இதே இரண்டு சொற்களும் நீதிமொழிகள் 23:18-இல் வரும்போது அதே பழைய மொழிபெயர்ப்பு, "நிச்சயமாகவே முடிவு உண்டு; உன் நம்பிக்கை வீண்போகாது" என்று பிரித்தே சொல்கிறது. எரேமியா 31-லும், பிள்ளைகளுக்காக அழுகிற, இஸ்ரவேலரின் முன்னோர்த் தாயான ராகேலுக்குச் சொல்லும் ஆறுதலில் இதே இரண்டு சொற்கள் வருகின்றன. அங்கே திரும்பி வரப்போகிறவர்கள் அவள் பிள்ளைகள். ஆக இது நான் மனதில் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற ரிசல்ட் அல்ல. உங்களுக்கு ஒரு பிற்காலம் இருக்கிறது, அதை நீங்கள் கண்ணால் பார்க்காமலும் போகலாம் என்பது.

'உங்கள்பேரில்' என்பதையும் பாருங்கள். ஆங்கிலத்தில் இது ஒருவரா பலரா என்று தெரியாது, நமக்கும் மரியாதைப் பன்மை ஒன்று இருப்பதால் ஏமாந்துவிடுகிறோம். ஆனால் நம் வேதத்தில் கர்த்தர் தனி ஆளிடம் பேசினால் நீ, உன் என்றுதான் பேசுவார். எரேமியாவை அழைக்கும்போது கேட்டுப்பாருங்கள். இங்கே உங்கள் என்றால் ஒரு முழு ஜனக்கூட்டம், எபிரெயத்திலும் பன்மைதான்.

பண்டிதர்கள் எல்லாம் சரி என்று நான் சொல்லவரவில்லை. சில பிரசங்கங்களில், எபிரெயத்தில் இதற்கு மூல அர்த்தம் என்ன தெரியுமா என்று ஆரம்பித்துவிட்டால் எனக்குக் கை நடுங்கும். திக்வா என்ற இதே சொல்தான் யோசுவா 2-இல் ராகாப் என்ற பெண் ஜன்னலில் கட்டிய சிவப்பு நூல்கயிற்றுக்கும் வருகிறது, உடனே, நம்பிக்கை என்பது ஒரு கயிறு என்று முக்கால் மணி நேரம் பேசிவிடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஒரு சொல் அந்த வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறதோ அதுதான் அதன் பொருள், வேரைத் தோண்டி எடுத்துக்கொண்டு வராதீர்கள் என்று ஜேம்ஸ் பார் என்ற வேத அறிஞர் 1961-லேயே ஒரு முழுப் புத்தகம் எழுதிச் சண்டை போட்டிருக்கிறார். அரைகுறை ஆராய்ச்சியைத் திருத்தியவரும் ஆராய்ச்சிக்காரர்தான்.

கட்டுரையாளருக்குப் பயம் தருவது பாடபேதம், அதாவது பிரதிக்குப் பிரதி வாசகம் மாறுவது என்று நினைக்கிறேன், அதனால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எரேமியாவின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு நம் கையில் இருக்கும் எபிரெயப் பாடத்தைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு சிறியது, அதிகார வரிசையும் வேறு. சாக்கடல் ஓரக் குகைகளில் எடுத்த பழைய வேதச் சுருள்களில் கிடைத்த எரேமியா துணுக்குகளில் சில எபிரெயத்திலேயே அந்தச் சிறிய வடிவத்தோடு ஒத்துப்போகின்றன. இந்தக் கடிதத்தில் மட்டும் 16 முதல் 20 வரை ஐந்து வசனங்கள் கிரேக்கத்தில் இல்லை. 11-ஆம் வசனத்திலேயே, பிற்காலம், நம்பிக்கை என்ற இரண்டு சொற்களும் இல்லை, 'இவைகளை உங்களுக்குக் கொடுக்கும்படி' என்று மட்டும் இருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கும் கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது. ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த மரபில் வந்த நமக்குப் பாடபேதம் புதிதா என்று பிறகு என்னையே கேட்டுக்கொண்டேன். அந்தச் சிறிய வடிவத்திலும் எழுபது வருஷம் இருக்கிறது, வீடு கட்டுங்கள் இருக்கிறது, எதிரியின் ஊருக்காக ஜெபியுங்கள் இருக்கிறது.

இதையெல்லாம் ஒரு சாயங்காலம் சித்தியிடம் சொன்னேன், ஷாலோம் அஹரித் எல்லாம் இல்லாமல், கடிதத்தை மட்டும் ஒன்றாம் வசனத்திலிருந்து வாசித்துக் காட்டினேன். எழுபது வருஷம் என்று வந்ததும் நிறுத்தச் சொன்னார்கள். "அப்ப அவங்களுக்கும் உடனே ஒண்ணும் நடக்கலையா?" இல்லை என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிரிட்ஜில் இருந்த அட்டையை எடுத்துப் போட்டுவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன், எடுக்கவில்லை. பின்வாசலில் சித்தப்பா வைத்த முருங்கையைப் போன மழைக்குப் பிறகு கிளை ஒடித்து இன்னும் இரண்டு இடத்தில் நட்டிருக்கிறார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆன்மிகப் பக்கத்தில் தினம் ஒரு வசனம் போடுகிறீர்கள், அதன் கீழே யார் யாருக்கு எப்போது சொன்னது என்று ஒரு வரி சேர்த்தால் போதும், இடம் இல்லையென்றால் ரோஜாப்பூவைச் சின்னதாக்குங்கள். எங்கள் சபையிலும் டிசம்பரில் அட்டை அச்சுக்குப் போகும் முன் எரேமியா 28, 29 இரண்டையும் வேதபாடக் கூட்டத்தில் சேர்த்து வாசிக்கலாமே என்று கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை