எல்லா சைட்டுக்கும் ஒரே வேலைப் பட்டியல்

ஐயா,

தண்டையார்பேட்டை, கொடுங்கையூர், திருவொற்றியூர் ஆகிய மூன்று இடங்களில் வீட்டுக் கட்டுமானப் பணிகளை ஒரே சமயத்தில் மேற்பார்வையிட்டு வருகிறேன். எங்கள் பகுதியில் மேற்பார்வையாளர்கள் பலர் சைட்டுக்கு ஒரு நோட்டு வைத்து வேலைப் பட்டியல் எழுதுகிறோம். இந்த வழக்கம் மாற வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அத்தகைய நோட்டில் அந்தந்த சைட்டின் வேலை இருக்கும். அதே ஆளும் அதே பொருளும் வேறு எங்கே தேவைப்படுகின்றன என்பது இருக்காது. சென்ற ஆண்டு தண்டையார்பேட்டையில் தளத்துக்குக் கான்கிரீட் போட்ட ஒன்பதாம் நாள், அங்கே தளத்தைக் கீழிருந்து தாங்கி நின்ற இரும்பு முட்டுகள் திருவொற்றியூருக்கு வரும் என்று திருவொற்றியூர் நோட்டில் எழுதியிருந்தேன். தளத்தைத் தாங்கும் சுவர்களுக்கு (அல்லது உத்திரங்களுக்கு) இடையிலான தூரம் 4.5 மீட்டருக்கு மேல் இருந்ததால், கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன்படி முட்டுகள் குறைந்தது 14 நாள் நிற்க வேண்டும் என்ற குறிப்போ தண்டையார்பேட்டை நோட்டில் இருந்தது. வண்டி வாசலுக்கு வந்த பிறகு மேஸ்திரி தடுத்ததால்தான் முட்டுகளை யாரும் கழற்றவில்லை. தளத்தின் கீழே அப்போது வேலை செய்துகொண்டிருந்த சித்தாள்களை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

அன்றிலிருந்து மூன்று சைட்டின் வேலைகளையும் ஒரே நோட்டில் தேதிவாரியாக எழுதுகிறேன். ஒவ்வொரு வரியிலும் சைட், வேலை, பொறுப்பாளர், அதற்கு முன் முடிந்திருக்க வேண்டிய வேலை ஆகியவை இருக்கும். முட்டு, கலவை இயந்திரம், கம்பி கட்டும் குழு ஆகியவற்றுக்கு மட்டும் தனிப் பக்கம் வைத்து, எந்தெந்த நாளில் எங்கே என்று குறித்துவிடுகிறேன். காத்திருப்பையும் வேலையாகவே எழுதுகிறேன்: கான்கிரீட் போட்டாயிற்று என்று வரியை அடித்துவிட்டால் கியூரிங் (கான்கிரீட் இறுகும்வரை ஈரமாக வைத்திருப்பது) மறந்துபோகும் என்பதால், பி.பி.சி. எனப்படும் சாம்பல் கலந்த சிமெண்ட் தளத்துக்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் விட வேண்டியதை அந்தப் பத்துத் தேதிகளிலும் தனித்தனியே எழுதி, நீர் விட்டவரின் பெயரையும் சேர்க்கிறேன். மாலையில் அன்றைய பக்கத்தைப் படமெடுத்து மூன்று மேஸ்திரிகளுக்கும் வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறேன். கைப்பேசிச் செயலி பயன்படுத்துவோர் பயன்படுத்தலாம். ஆனால் மேஸ்திரி படிக்கக்கூடிய தமிழில் அது இருக்க வேண்டும்.

வடசென்னையில் உள்ள பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு வரைபடமும் மதிப்பீடும் கற்பிக்கும்போதே, பல சைட்டுகளுக்குப் பொதுவான பட்டியல் தயாரிப்பதையும் செய்முறைப் பயிற்சியாகச் சேர்க்குமாறு கல்வி அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கட்டட மேற்பார்வையாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை.