ஆச்சி முற்றத்து மணல்

மக்களே,

இது உன் கையில் கிடைக்கும்போது உன் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலோடு எந்தக் கடலுக்கடியில் இருப்பாயோ. கேட்டாலும் நீ சொல்லக் கூடாது, தெரியும். ஆனால் அம்மா தினமும் உலக வரைபடத்தை விரித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறாள்.

30 வருஷம் எக்ஸ்ரே எடுத்தவன் நான். என் மெஷினில் சுவிட்சை அணைத்தால் கதிர் போய்விடும். உன் பாடு அப்படியில்லை. உலையை நிறுத்தினாலும் குழாய்க்குள் படிந்த கோபால்ட்-60 என்ற கதிரியக்க உலோகம் போகாது; பாதியாகக் குறையவே 5.27 வருஷம். கூஸ் கிரீக் கடற்படை அணுசக்திப் பள்ளியில் பயிற்சி முடித்து வந்தபோது நீ விளக்கினாயே, வால்வு தேய்ந்து உதிரும் துகள் தண்ணீரோடு உலைக்குள் போய்க் கதிரியக்கம் ஏறித் திரும்புகிறது என்று. உன்னைப் போன்ற கதிர்ப் பாதுகாப்புக்காரன் ஏன் பொழுதன்றைக்கும் தண்ணீரைச் சோதிக்கிறான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. தண்ணீர் பக்குவமாக இருந்தால் அரிப்பு குறைவு. பிறகு அந்த வால்வைக் கழற்றப் போகிற பையன்மேல் படும் கதிர் டோஸும் குறைவு.

ராத்திரி மூன்று மணிக்குத் தண்ணீர் மாதிரி எடுக்கப் போவாய். நேற்று வந்த எண்தானே இன்றும் வரும், பார்க்காமலே எழுதிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். உன் அம்மாவுக்குக்கூடச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தடவை, உடம்பில் படும் கதிரை அளக்கும் பேட்ஜைக் கோட்டோடு எக்ஸ்ரே அறையிலேயே மாட்டிவிட்டு வந்துவிட்டேன். அந்த மாதக் கணக்கு எக்கச்சக்கமாக வந்தது. காரணம் கேட்டார்கள். வெட்கத்தில் "தெரியவில்லை" என்றேன். இரண்டு வாரம் மெஷினைப் பிரித்துப் போட்டுத் தேடினார்கள். பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தவனும் நான்தான். உங்களுக்கு அப்படிப் பிரித்துப் பார்க்க நடுக்கடலில் இடமேது?

நேற்று ஊருக்குப் போன் போட்டேன். "ஏலே, கடலுக்க அடியில அந்தப் பெட்டிக்குள்ள கெடந்தா எனக்க பேரனுக்குக் கதிரு பிடிக்காதா?" என்றாள் ஆச்சி. மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற தாது, அதற்குள் கதிர் வீசும் தோரியம். அவள் நாற்காலி போட்டு உட்காரும் முற்றமே அந்த மணல்தான். உனக்கோ காலடியில் மண் கிடையாது, வானத்துக் கதிரைத் தலைக்கு மேலே கடல் மறைக்கிறது, உலையைச் சுற்றித் தடுப்பு. அநேகமாக உன்னைவிட அவளுக்குத்தான் அதிகம் என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்பம் லீவுக்கு அவன இஞ்ச வராண்டாம்னு சொல்லு" என்றாள்.

அப்பா