தொட்டி விற்ற அன்றே மீனை விற்காதீர்கள்: வண்ண மீன் கடை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

வண்ண மீன்களும் தொட்டிகளும் அவற்றுக்கான சாமான்களும் விற்கும் கடை முதலாளிகளுக்கு,

வணக்கம். புதுத் தொட்டியில் மீன் ஏன் சாகிறது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உங்கள் கடையின் பின்பக்கம் வரிசையாக ஓடுகிற தொட்டிகளைப் பார்த்தாலே உங்களுக்கு விஷயம் தெரியும் என்பது புரிகிறது. புதுச் சரக்கு வந்து இறங்கினால் பல மாதமாக ஃபில்டர் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில்தான் அதை விடுகிறீர்கள். அன்றைக்குக் கழுவி அன்றைக்கே தண்ணீர் நிரப்பிய தொட்டியில் உங்கள் காசு போட்டு வாங்கிய மீனை நீங்கள் விடமாட்டீர்கள். ஆனால் அதே கடையின் முன்பக்கத்தில், கவுன்ட்டரில் நிற்பவர் தொட்டி, கல், ஃபில்டர், மீன் எல்லாவற்றையும் ஒரே பில்லில் போட்டு, "வீட்டுக்குப் போய் தண்ணிய ஊத்தி, ஆன்டி குளோரின் நாலு சொட்டு விட்டுட்டு மீனை விட்டுடுங்க" என்று அனுப்பிவைக்கிறார். இதை நிறுத்தச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல். தொட்டி விற்ற அன்றே மீனை விற்காதீர்கள்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் என் அண்ணன் மகள். பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெண். கையில் கிடைத்த காசையெல்லாம் சேர்த்துவைத்து, 60 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு தொட்டி வாங்கினாள். விவரம் தெரியாமல் போகவில்லை அவள். பள்ளி நூலகத்தில் மீன் வளர்ப்புப் புத்தகம் எடுத்துப் படித்து, கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனாள். முதல் கேள்வியே, "தண்ணி ஊத்தினதுக்கு அப்புறம் எத்தனை நாள் கழிச்சு மீன் விடணும் அண்ணா?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்வியைச் சரியாகக் கேட்டிருக்கிறாள். "அதெல்லாம் வேணாம் பாப்பா, இன்னைக்கே விடலாம்" என்று பதில் வந்தது. புத்தகத்தில் காத்திருக்கச் சொல்லியிருக்கிறது. கடையில் நிற்கும் பெரியவர் வேண்டாம் என்கிறார். நேரில் நின்று பேசுகிறவரை விட்டுவிட்டுப் புத்தகத்தை நம்பு என்று ஒரு பிள்ளைக்கு யார் சொல்லித் தந்திருக்கிறார்கள்?

நடந்ததை உங்கள் கவுன்ட்டரில் நிற்பவருக்காகக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன், அவரிடம் காட்டுங்கள். மீன் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அமோனியாதான். ஓடிப் பழகிய தொட்டியில் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும். வேறொரு வகை பாக்டீரியா அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு விஷமில்லை, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் நிற்கும். புதுத் தொட்டியில் இந்த இரண்டு வகையும் போதுமான அளவு பெருகுவதற்கு 4 முதல் 6 வாரம் வரை பிடிக்கும். மீனை அன்றைக்கே விட்டால் அது தன் கழிவிலேயே மூச்சு விட வேண்டியிருக்கும்.

அப்படித்தான் ஆனது. முதல் வாரம் முடிவதற்குள் மீன்கள் சோர்ந்துபோய் மூலையில் ஒதுங்கின. கடைக்குப் போனாள். தண்ணீரின் பிஹெச் (அது அமிலமா காரமா என்று காட்டும் அளவு) சரியில்லை என்று சொல்லி, அதை ஏற்றுவதற்கு ஒரு தூள் கொடுத்தார்கள். தண்ணீரைக் கொண்டுவா, பார்க்கலாம் என்று யாரும் கேட்கவில்லை. அமோனியா இருக்கும் தண்ணீரில் பிஹெச்சை ஏற்றுவது எவ்வளவு ஆபத்தானது என்பது அந்தத் தூளை விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 25 டிகிரி வெப்பத்தில், பிஹெச் 7 இருக்கும்போது தண்ணீரிலுள்ள மொத்த அமோனியாவில் ஏறக்குறைய அரை சதவீதம்தான் மீனைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். பிஹெச் 8 ஆனால் அது சுமார் 5 சதவீதம் ஆகிவிடும். கிட்டத்தட்ட பத்து மடங்கு. அந்தத் தூளைப் போட்ட ராத்திரியே இரண்டு மீன் செத்தன.

அப்புறம் மிச்ச மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மறுபடியும் கடை. "ஆக்ஸிஜன் பத்தல, பெரிய ஏர் பம்ப் போடு" என்றார்கள். வாங்கிப் போட்டாள். நீர் கொதிப்பதுபோலக் குமிழி வந்தது, மீன்கள் அப்படியேதான் மூச்சுக்குத் தவித்தன. நைட்ரைட் மீனின் ரத்தத்தில் இறங்கினால் ஹீமோகுளோபினை வேறொன்றாக மாற்றிவிடும், அந்த ரத்தம் பழுப்பாகிப் போகும், ஆக்ஸிஜனைத் தாங்கிச் செல்லாது. தண்ணீரில் எவ்வளவு காற்றை ஊதினாலும் அந்த மீன் திணறிக்கொண்டுதான் இருக்கும். அதற்குச் செய்ய வேண்டியது, பாதித் தண்ணீரை மாற்றுவது, தீனியை நிறுத்துவது, அடுத்த நாள் சோதித்துவிட்டு மறுபடி மாற்றுவது. விற்பதற்கு இதில் எந்தப் பொருளும் இல்லை. அந்த ஆலோசனை அவளுக்குக் கிடைக்காததற்கு வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள், கேட்கத் தயாராக இருக்கிறேன்.

கடைசியாக ஃபில்டர் கேட்ரிட்ஜை, அதாவது ஃபில்டருக்குள் அழுக்கைப் பிடிக்கும் பகுதியை, மாற்றச் சொன்னார்கள். அந்தத் தொட்டியில் கொஞ்சநஞ்சம் பாக்டீரியா வளர ஆரம்பித்திருந்தால் அது அந்தக் கேட்ரிட்ஜில்தான் இருந்திருக்கும். அதையும் எடுத்துக் குப்பையில் போட்டாள். பிறகு நான் போய்த் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தபோது நைட்ரைட்டின் நிறம் சோதனை அட்டையின் கடைசிக் கட்டத்தில், அதாவது மிக அதிக அளவில், போய் நின்றது. அன்றைக்கு உயிரோடு இருந்தது ஒரே ஒரு மீன்.

காசு போனதைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். என்னால் விழுங்க முடியாதது வேறு. போன மீன்களுக்குப் பதிலாக இன்னும் நாலு மீனை விற்றுவிட்டு, அந்த ஊழியர் அவளிடம், "சில பேருக்குக் கை ராசி இருக்காது பாப்பா, நீ வேணும்னா உங்கம்மாவை விட்டு மீனை விடச் சொல்லு" என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அவள் தொட்டிக்குப் பக்கத்திலேயே போகவில்லை. தீனி போடக்கூட அம்மாவைக் கூப்பிட்டாள். தன் கை பட்டால் மீன் செத்துவிடும் என்று நிஜமாகவே நம்பினாள். தண்ணீரைச் சோதித்துக் காட்டி, நிறத்தைக் காட்டி, இது அமோனியா, இது நைட்ரைட், உன் கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நான் சொன்னால், "அப்புறம் ஏன் அந்த அண்ணா அப்படிச் சொன்னாரு?" என்று கேட்கிறாள். கடையில் ஒரு தப்பான பதில் சொன்னார்கள், அந்தத் தப்பின் விலையையும் அவளையே கட்ட வைத்தார்கள், கடைசியில் பழியையும் அவள் தலையில் போட்டார்கள். இதைக் கேட்டுவிட்டு எனக்குக் கோபம் வரக் கூடாதா?

அந்த ஊழியர் மீது புகார் சொல்ல நான் வரவில்லை. காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டு வேலை பார்க்கிறவர். நேற்று வரை அவர் வேறு ஏதோ கடையில் வேறு ஏதோ விற்றுக்கொண்டிருந்திருக்கலாம். எந்த அடுக்கில் எது இருக்கிறது, எதன் விலை என்ன, எதை முதலில் தள்ளிவிட வேண்டும் என்று நீங்கள் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். அந்த பாட்டில்களுக்குள் இருப்பது என்ன வேலை செய்கிறது என்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். எதிரே நிற்பவர் கேள்வி கேட்கிறார், பதில் சொல்லாவிட்டால் வியாபாரம் போய்விடும், வாயில் வந்ததைச் சொல்கிறார். தெரியாது என்று சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. அந்த அனுமதியைத் தர வேண்டியவர் நீங்கள்.

மற்றக் கடைகளிலும் இதே கதைதான். பெயின்ட் ஸ்ப்ரே பண்ணப் போகிறேன், ஒரு மாஸ்க் கொடுங்கள் என்று கேட்பவரிடம் தூசி மாஸ்க்கை எடுத்து நீட்டுகிறார்கள். என்95 மாதிரியான மாஸ்க் துகளைத்தான் பிடிக்கும். பெயின்ட்டில் கலந்திருக்கும் தின்னரின் ஆவி அதைக் கடந்து நேராக நுரையீரலுக்குப் போகும். அதற்குக் கார்பன் கேட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும், அந்தக் கேட்ரிட்ஜையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். வாங்குகிறவருக்கு இது தெரியாததால்தானே கேட்கிறார்? தெரிந்தவர் கேட்கமாட்டார், எடுத்துக்கொண்டு போய்விடுவார். யாருக்கு ஆலோசனை மிக அவசியமோ அவருக்குத்தான் அது தப்பு என்று கண்டுபிடிக்கும் வழியும் இல்லை. விற்பவரின் சொல்லுக்கு இருக்கும் கனம் அங்கேதான் வருகிறது. "படிச்சுட்டு வந்திருக்கலாமே" என்று வாங்குகிறவரைப் பார்த்துச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. படித்துவிட்டு வந்தவளுக்கு நடந்ததைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

சரி, உங்கள் கடைக்கே வருகிறேன். நல்ல ஊழியர்களையும் பார்த்திருக்கிறேன், அதையும் சொல்ல வேண்டும். ஒரு கடையில் வயதான ஒருவர் இருந்தார். தொட்டி வாங்கியவரிடம், "இன்னைக்கு மீன் வேணாம், ஃபில்டரை ஓட்டுங்க, அப்புறம் ஒரு பாட்டில்ல தண்ணி கொண்டு வாங்க, டெஸ்ட் பண்ணிட்டு மீன் எடுத்துக்கலாம்" என்பார். கூடவே, கடைத் தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டை வெட்டி ஈரம் காயாமல் பையில் போட்டுத் தருவார். அதில் உயிரோடு இருக்கும் பாக்டீரியா புதுத் தொட்டியின் காத்திருப்பை நன்றாகவே குறைத்துவிடும். நோயில்லாத தொட்டியிலிருந்து வெட்டிய ஸ்பாஞ்சாக இருந்தால் போதும். உங்கள் எல்லோரிடமும் அப்படிப்பட்ட ஸ்பாஞ்ச் இருக்கிறது. காசுக்கே விற்றுக்கொள்ளுங்கள், சந்தோஷமாக வாங்குவார்கள். டெஸ்ட் கிட்டையும் தொட்டியோடு சேர்த்து விற்கலாம். மீன் விற்பனை சில வாரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். வந்து வாங்கிய மீன் பிழைத்துக்கொண்டால் அவர் இன்னும் பெரிய தொட்டிக்கு உங்களிடம்தான் வருவார். செத்துப்போனால் தொட்டியைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவார், நீங்களும் ஒரு வாடிக்கையாளரை இழப்பீர்கள்.

இன்னும் நிறைய இருக்கிறது. பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும் என்று சொல்லி விரல் நீளத்தில் விற்கும் சக்கர் மீன் 30 சென்டிமீட்டருக்கு மேல் வளரும், வளர்ந்தபின் வைக்க இடமில்லாமல் ஏரியிலும் ஆற்றிலும் கொண்டுபோய் விடுகிறார்கள், அங்கே அது பெருகி மற்ற மீன்களின் பிழைப்பைக் கெடுக்கிறது. கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு விற்கும் தங்கமீன் பத்து வருஷத்துக்கு மேல் வாழக்கூடியது. இங்கிலாந்தில் 1956இல் ஒரு பொருட்காட்சியில் பரிசாகக் கிடைத்த தங்கமீன் 1999 வரை, 43 வருஷம் இருந்தது. வெள்ளைப்புள்ளி நோய்க்கு ஒரு வேளை மருந்து போதும் என்கிறார்கள். மீனின் தோலுக்குள் இருக்கும் கிருமியை மருந்து தொடாது, அது வெளியே வந்து நீரில் நீந்தும்போதுதான் சாகும், அதனால் பல நாள் தொடர்ந்து போட வேண்டும். தாமிரம் கலந்த மருந்தை இறால் இருக்கும் தொட்டிக்குக் கொடுத்து இறாலையெல்லாம் கொன்ற கதையும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மடல் எழுதலாம். இப்போதைக்கு எல்லாவற்றையும் கேட்கவில்லை, ஒன்றைத்தான் கேட்கிறேன்.

தொட்டி விற்ற அன்றே மீனை விற்காதீர்கள். வாடிக்கையாளர் வற்புறுத்தினாலும், குழந்தை அழுதாலும், பக்கத்துக் கடையில் தருகிறார்கள் என்று சொன்னாலும் விற்காதீர்கள். பக்கத்துக் கடைக்காரருக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். ஏன் என்று கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள். காரணம் தெரியாத ஊழியர் இருந்தால், "எனக்குத் தெரியல, முதலாளிகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லட்டும். அதற்காக அவரைத் திட்டாதீர்கள்.

இந்த மடலில் எங்காவது குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆனால் கேட்டதை மறந்துவிடாதீர்கள். "தொட்டி வாங்கும் அன்று மீன் தருவதில்லை. தண்ணீரைச் சோதித்த பிறகு வாருங்கள்" என்று ஒரு அட்டையில் எழுதிக் கவுன்ட்டரில் வையுங்கள். வருகிறவர்களுக்கு விளக்கம் கொடுக்க ஒரு பக்கத்தில் துண்டறிக்கை வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
மீன் வளர்க்கும் ஒருவர்