ஒரு துளைக்கு ஒரு நாளா? – வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

பங்க் உரிமையாளர்களுக்கும், பழைய பங்க் இருந்த மனையை வாங்குமுன் பெட்ரோல் கசிந்திருக்கிறதா என்று மண்ணைத் துளைத்துப் பார்த்துவிடச் சொல்லும் எல்லோருக்கும் வணக்கம்.

கடலூர், புதுச்சேரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. "கை போர்க்காரர் ஒரே நாளில் அறுபது அடி இறக்குகிறார், இவர்கள் இருபது அடிக்கு ஒரு நாளை இழுத்து பில் போடுகிறார்கள்" என்று. பெயர் போடவில்லைதான். ஆனால் இந்தப் பக்கம் இந்த வேலை செய்பவர்கள் எத்தனை பேர்?

கை போர் என்பது ஆட்கள் கையால் தண்ணீர் விட்டு இறக்கும் துளை; அது தண்ணீர் எடுக்க. நமக்கு வேண்டியது தண்ணீர் அல்ல, அந்தந்த அடியில் கிடக்கும் மண், கிடந்தபடியே. தண்ணீர் விட்டு இறக்கினால் மேலே வருவது பல அடி மண்ணும் கலந்த சேறு. எட்டாவது அடியில் இருந்த பெட்ரோல் பதினைந்தாவது அடியிலும் ஒட்டிக்கொண்டு வரும். காற்றடித்துத் துளைக்கும் கம்ப்ரஸர் வண்டி அதைவிட மோசம். பெட்ரோலில் உள்ள, எளிதில் ஆவியாகும் பென்சீனைக் காற்று ஊதி விரட்டிவிடும். கம்ப்ரஸர் ஆயில் மண்ணில் படிந்து, லாபில் உங்கள் கசிவாகக் கணக்காகும். அதனால்தான் ஆகரை, அதாவது திருகுபோல் மண்ணுக்குள் இறங்கும் துளைக்கருவியை, தண்ணீரில்லாமல் இறக்குகிறோம். ராடு மரையில் கிரீஸ்கூடத் தடவுவதில்லை.

முதல் ஐந்து அடி கையால்தான். பெட்ரோல் குழாயும் கரண்ட் கேபிளும் வரைபடம் காட்டும் இடத்தில் இருக்கும் என்று நம்பி ராடை இறக்க முடியாது. அதற்குக் கீழே மூன்றடிக்கு ஒருமுறை ஸ்பிளிட் ஸ்பூன், அதாவது இரண்டாகத் திறக்கும் மண் எடுக்கும் குழாய்: 63.5 கிலோ சுத்தி 75 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழுந்து, ஸ்பூன் 45 செ.மீ. இறங்க வேண்டும். திறந்ததும் நுனி வெட்டிய சிரிஞ்சால் நடு மண்ணில் 5 கிராம் குத்தியெடுத்து, மெத்தனால் உள்ள குப்பிக்குள் நேராகப் போட்டு மூடி, ஐஸ் பெட்டியில் வைப்போம். அடுத்து ஜிப் கவரில் பாதி மண், நன்றாகக் குலுக்கி, பத்து நிமிடம் கழித்து பி.ஐ.டி. மீட்டரின் (பெட்ரோல் ஆவியை அளக்கும் கருவி) மூக்கை உள்ளே விட்டு ஆவி அளவு. இந்த வரிசை மாறக்கூடாது. மீட்டரைப் பார்த்துவிட்டு நிதானமாகக் குப்பிக்கு வந்தால், நம்மூர் வெயிலில் பென்சீன் காத்திருக்காது. ரிப்போர்ட் சுத்தமாக வரும்; மண் சுத்தமாக இருக்காது. பிறகு ஸ்பூனுக்குச் சோப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர், டிஸ்டில்டு வாட்டர். ஒவ்வொரு சாம்பிளுக்கும் இதே பாடு.

துளையை மூடுவதுதான் யார் கண்ணுக்கும் தெரியாத வேலை. தோண்டிய மண்ணையே தள்ளி மூடினால், களிமண் அடுக்கைத் தாண்டிப் பெட்ரோல் கீழே இறங்க நாமே வழி போட்டுக் கொடுத்ததாகும். 50 கிலோ சிமென்டுக்கு ஏறக்குறைய 2 கிலோ பென்டோனைட் (தண்ணீர் பட்டால் உப்பும் களிமண் தூள்), 30 லிட்டர் தண்ணீர். குழாயை அடிவரை விட்டு, கீழிருந்து மேலே நிரப்ப வேண்டும். மறுநாள் அமுங்கியிருந்தால் மறுபடி ஊற்ற வேண்டும். மேலே நின்று பார்ப்பவருக்கு நாங்கள் சும்மா நிற்பதுபோலத்தான் இருக்கும்.

நிலத்தடி நீரைப் பார்க்க இறக்கிவைத்த குழாயைப் பற்றி, "கார்த்திகையில் கண்காணிப்புக் குழாயில் ஒன்றும் மிதக்கவில்லை என்றார்கள், சித்திரையில் பெட்ரோல் மிதக்கிறதே" என்றும் கேட்டிருக்கிறார்கள். இரண்டும் உண்மைதான். ஐப்பசி மழைக்கு நிலத்தடி நீர் ஏறும்போது பெட்ரோல் மண் இடுக்குகளில் சிக்கித் தண்ணீருக்கு அடியில் நின்றுவிடும். கோடையில் நீர் இறங்கினால் குழாயில் தலைகாட்டும். அதற்காகத்தான் நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் மண் எடுக்கிறோம். கோடையில் ஒருமுறை குழாயைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். அது எங்கள் தவறு.

கெட்ட செய்தியோடு ரிப்போர்ட் கொடுத்தபோதும் அடுத்த பங்க்கிற்கு எங்களையே அழைத்த வாடிக்கையாளர்களை மறக்க மாட்டோம். இந்தக் குழு மெசேஜை எங்களுக்கு அனுப்பி, "நீங்களே பதில் சொல்லுங்கள்" என்றவர்களும் நீங்கள்தான். மனமார்ந்த நன்றி.

அடுத்த மாதத்திலிருந்து அடிக்கூலி கொஞ்சம் கூடுகிறது. துளையிடும் ரிக் ஒன்றுதான் ஓடுவதால் தேதியும் சற்றுத் தள்ளும்.

நாங்கள் வரும் நாளில் டேங்கர் லாரியிலிருந்து பெட்ரோல் இறக்குவதை மட்டும் தள்ளி வையுங்கள். இறக்கும்போது எழும் ஆவியில் பி.ஐ.டி. எண் எகிறும், அந்த மணி நேரம் இரண்டு பேருக்கும் வீண்.

இப்படிக்கு,
உரிமையாளர், கடலூர்