பிரேசில் வழக்கும் 50 சதவீத வரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரேசில் முன்னாள் அதிபர் போல்சனாரோ மீதான ஆட்சிக்கவிழ்ப்புச் சதி வழக்கைப் பற்றிப் பேச்சு வந்தால், "அந்த நீதிபதி எல்லை மீறினார், அமெரிக்கா தட்டிக்கேட்டது, இதில் என்ன தப்பு?" என்று கேட்பவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். முதல் பாதியில் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2025 ஜூலை 9 அன்று டிரம்ப், பிரேசில் அதிபர் லூலாவுக்கு எழுதிய கடிதத்தில் போல்சனாரோ மீதான விசாரணையை உடனே நிறுத்தச் சொன்னார். கூடவே 50 சதவீத வரி. நமக்கும் அந்த ஆகஸ்டில் 50 சதவீதம் விழுந்தது. அதில் பாதிக்கு ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டினார்கள். பிரேசிலுக்குக் காட்டிய காரணம் ஒரு கோர்ட் கேஸ். வர்த்தகப் பற்றாக்குறை என்று சொல்லவும் வழியில்லை, அங்கே அமெரிக்காவுக்குத்தான் உபரி. உச்ச நீதிமன்ற விசாரணையை நிறுத்த லூலாவுக்கு ஏது அதிகாரம்? ஜூலைக் கடைசியில், மனித உரிமை மீறுவோருக்கும் ஊழல்வாதிகளுக்கும் எதிரான அமெரிக்காவின் மக்னிட்ஸ்கி சட்டத்தை, வழக்கை நடத்திய நீதிபதி அலெஷாண்ட்ரே டி மொராயிஸ் மீதே பாய்ச்சித் தடை விதித்தார்கள்.

சரி, மொராயிஸ் மேல் குறையே இல்லையா? இருக்கிறது. 2019-ல் பொய்ச் செய்திகள், மிரட்டல்கள் பற்றிய விசாரணையை உச்ச நீதிமன்றம் தானாகவே தொடங்கி, எந்த நீதிபதிக்கு என்று முடிவுசெய்யும் வழக்கமான குலுக்கல் இல்லாமல் அவரிடம் ஒப்படைத்தது. ஆட்சிக்கவிழ்ப்புச் சதியில் கொலைக்குக் குறிவைக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர் என்கிறது அரசுத் தரப்பு. அந்த வழக்கின் பொறுப்பு நீதிபதியும் அவரே. எதிர்த்தரப்பு வக்கீல்கள் அவர் விலக வேண்டும் என்று கேட்டார்கள், நீதிமன்றம் மறுத்துவிட்டது. அப்புறம் அதே அமர்விலிருந்த நீதிபதி லூயிஸ் ஃபுக்ஸ், இதை விசாரிக்க இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை, போல்சனாரோவை விடுவிக்க வேண்டும் என்று தன் கருத்தைப் படித்தார், 12 மணி நேரத்துக்கு மேல்! மற்ற நால்வர் ஏற்கவில்லை. செப்டம்பர் 11-ல் 27 ஆண்டு 3 மாதச் சிறை என்று முடிந்தது.

என் கோபமெல்லாம் இங்கேதான். வரி மிரட்டல் வந்த பிறகு இந்த நியாயமான கேள்விகளை அங்கே யார் எழுப்பினாலும், அந்நியனுக்குத் துணைபோகிறவர் என்ற பழி சுலபமாக வந்து ஒட்டிக்கொள்ளும். போல்சனாரோவின் மகன் எடுவார்டோ அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு அப்பாவுக்காக ஆதரவு திரட்டியது அதற்கு இன்னும் தோதாகிவிட்டது. விமர்சிக்கப்பட வேண்டிய ஒரு நீதிபதிக்கு வாஷிங்டனே தேசியக் கொடியைப் போர்த்திவிட்டது.

நவம்பரில் காபி, மாட்டிறைச்சி மீதான கூடுதல் வரியை அமெரிக்கா விலக்கிக்கொண்டது. விலை ஏறினால் அவர்கள் ஊர்க்காரர்களும் சத்தம் போடத்தானே செய்வார்கள்! டிசம்பரில் மொராயிஸ் மீதான தடையும் நீங்கியது. அதற்குள் போல்சனாரோ தண்டனையை அனுபவிக்கத் தொடங்கியிருந்தார்.

இந்த விஷயத்தில் டிரம்ப், லூலா சண்டையைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. ஃபுக்ஸின் மாற்றுத் தீர்ப்பையும் மற்ற நால்வர் சொன்ன காரணங்களையும் சுருக்கமாகவாவது தமிழில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்.