சிஸ்பிளாட்டின் கீமோ தடைபடாமலும் துணை மருந்துகளோடு சேர்த்தும் வழங்கப்பட வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்
முற்றிய புற்றுநோய்க்கு அரசு மருத்துவமனையில் கீமோ பெற்றுவருவோரின் குடும்பத்தினர்

பெறுநர்
உயர்திரு சுகாதாரத் துறைச் செயலாளர் அவர்கள்

பொருள்: சிஸ்பிளாட்டின் ஊசி மருந்தின் இருப்பை உறுதி செய்தல், அதனோடு கொடுக்க வேண்டிய சலைன், மெக்னீசியம், வாந்தித் தடுப்பு மருந்துகள், பரிசோதனைகள் ஆகியவற்றை ஒரே தொகுப்பாக வழங்குதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் அக்காவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே நுரையீரலுக்குப் பரவியிருந்தது. அறுவை சிகிச்சையால் எடுத்துவிடக்கூடிய கட்டத்தைத் தாண்டிவிட்டதால், சிஸ்பிளாட்டினும் பேக்லிடாக்சலும் சேர்ந்த கீமோவை மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். அவரைப் போலவே நுரையீரல், சினைப்பை, சிறுநீர்ப்பை, தலை-கழுத்துப் பகுதிப் புற்றுநோய் முற்றிய நிலையில் இதே மருந்தை நம்பியிருப்பவர்களின் வீட்டார் சேர்ந்து இந்த மனுவைத் தருகிறோம்.

புதிய மருந்து எதையும் நாங்கள் கேட்க வரவில்லை. ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் மருந்து குறித்த தேதியில், உரிய துணை மருந்துகளோடு கிடைக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

"பழைய மருந்துதானே, எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்" என்ற எண்ணம் கொள்முதல் செய்பவர்களிடம் இருக்கிறதோ என்று எங்களுக்குத் தோன்றுகிறது. பழையதுதான். 1845-இல் இத்தாலிய வேதியியலர் மிக்கேலே பெய்ரோனே இந்தச் சேர்மத்தை முதலில் விவரித்தார். 1965-இல் அமெரிக்காவில் பார்னெட் ரோசன்பர்க், மின்புலத்தில் பாக்டீரியாக்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அவை பிளவுபடாமல் நீளமாக வளர்ந்துகொண்டே போவதைக் கண்டார். காரணம் மின்சாரம் அல்ல, பிளாட்டின மின்முனைகளிலிருந்து கரைந்து வந்த பொருள். அந்த வழியில் வந்ததுதான் சிஸ்பிளாட்டின். 1978-இல் அமெரிக்க அரசு இதற்கு ஒப்புதல் அளித்தது. உடல் முழுக்கப் பரவிய விரைப்புற்றுநோய் ஒரு காலத்தில் அநேகமாக மரண தண்டனைதான். இந்த மருந்து வந்த பிறகு அந்நிலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் குணமாகிறார்கள். மற்ற முற்றிய புற்றுநோய்களில் குணம் அரிது என்றாலும் கட்டி சுருங்குகிறது, வலியும் ரத்தப்போக்கும் குறைகின்றன, ஆயுள் நீள்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இன்றும் இது இருக்கிறது. பெம்ப்ரோலிசுமாப் போன்ற புதிய மருந்துகள் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வந்த பின்னும், முதன்மை ஆய்வில் அவற்றைப் பிளாட்டின கீமோவோடு சேர்த்துத்தான் கொடுத்துப் பார்த்தார்கள். அடித்தளம் இன்னும் இதுதான்.

அந்த அடித்தளம்தான் எங்களுக்கு அடிக்கடி ஆட்டம் காண்கிறது. ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து, படுக்கையும் ஒதுக்கி, கையில் ஊசி குத்திய பிறகு "மருந்து இன்னும் வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எங்களில் பலர். மூன்று வார இடைவெளி என்பது, ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை கீமோவின் பாதிப்பிலிருந்து தேறுவதற்காகக் கணக்கிட்டு வைத்தது. அதற்கு மேல் தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரமும் கட்டிக்குத்தான் லாபம்.

சில நேரம் அதே பிளாட்டின வகையைச் சேர்ந்த கார்போபிளாட்டின் என்ற மருந்தைக் கொடுத்துச் சமாளிக்கிறார்கள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அதுதான் பொருத்தம், மறுக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் சமமான மாற்று அல்ல. முற்றிய கருப்பைவாய்ப் புற்றுநோயில் இரண்டையும் ஒப்பிட்டு ஜப்பானில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், மொத்தமாகப் பார்க்கும்போது கார்போபிளாட்டின் பின்தங்கவில்லை. ஆனால் அதுவரை பிளாட்டின மருந்து எதுவும் பெறாத பெண்களில் சிஸ்பிளாட்டின் பெற்றவர்களே அதிக காலம் வாழ்ந்தார்கள். என் அக்கா அந்தப் பிரிவைச் சேர்ந்தவர். எந்த மருந்து என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும், அலமாரியில் என்ன மிச்சம் இருக்கிறது என்பது முடிவு செய்ய வேண்டாம்.

இது கற்பனையான பயம் அல்ல ஐயா. 2023-இல் அமெரிக்காவிலேயே இந்த இரண்டு மருந்துகளுக்கும் கடும் தட்டுப்பாடு வந்தது. தரக் குறைபாடுகள் வெளிப்பட்டு ஒரே ஒரு தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியதுதான் முக்கியக் காரணம். லாபம் குறைந்த மருந்து என்பதால் தயாரிப்பவர்கள் சிலரே. ஒருவர் நின்றால் ஈடுகட்ட ஆள் இல்லை. அங்குள்ள முன்னணிப் புற்றுநோய் மையங்களில் எடுத்த கணக்கெடுப்பில் 93 சதவீத மையங்கள் கார்போபிளாட்டினுக்கும் 70 சதவீத மையங்கள் சிஸ்பிளாட்டினுக்கும் தட்டுப்பாடு என்று சொல்லின. அப்போது மருத்துவ அமைப்புகள் கொடுத்த வழிகாட்டுதல், குணமாகும் வாய்ப்புள்ளவர்களுக்கு முதலில் கொடுங்கள் என்பது. அதன் நியாயம் எங்களுக்குப் புரிகிறது. குணமாகக்கூடிய ஓர் இளைஞனுக்கு உரிய மருந்தை எங்கள் வீட்டாருக்குக் கொடுங்கள் என்று நாங்கள் ஒருபோதும் கேட்க மாட்டோம். ஆனால் தட்டுப்பாடு என்று ஒன்று வந்தால் வரிசையின் கடைசியில் நிற்பவர்கள் முற்றிய நோயாளிகள்தான். அப்படியொரு வரிசையே உருவாகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறோம். மூன்று மாதத் தேவைக்குக் குறையாத இருப்பு, குறைந்தது இரண்டு வெவ்வேறு தயாரிப்பாளர்களோடு ஒப்பந்தம், இருப்பு குறையத் தொடங்கும்போதே மருத்துவமனைக்கு எச்சரிக்கை: இவை ஆணையாக வர வேண்டும்.

அடுத்தது துணை மருந்துகள். எங்கள் மனுவின் முக்கியப் பகுதி இதுதான், தயவுசெய்து பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம்.

சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கும் மருந்து. அதனால் கீமோ நாளன்று முதலில் ஏறுவது சலைன், அதோடு மெக்னீசியம். அக்காவின் செவிலியர், அளவுக்கோடு போட்ட குடுவையில் சிறுநீரைப் பிடித்துத் தரச் சொல்லி, ஒவ்வொரு முறையும் அளவைத் தாளில் குறித்துக்கொள்வார். சிறுநீர் போதுமான அளவு வெளியேறுகிறது என்று தெரிந்த பிறகுதான் சிஸ்பிளாட்டின் பையை மாட்டுவார். அது முடிந்ததும் மறுபடி சலைன். இத்தனையும் சேர்ந்தால்தான் அது கீமோ. ஆனால் கொள்முதல் பட்டியலில் சிஸ்பிளாட்டின் ஒரு வரி, சலைன் வேறொரு வரி, மெக்னீசியம் இன்னொரு வரி. ஒன்று வந்து இன்னொன்று வராவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

என்ன ஆகும் என்பதை நாங்கள் பார்த்தோம். தடுப்பு மருந்து இல்லாவிட்டால் சிஸ்பிளாட்டின் பெறும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் வாந்தி எடுப்பார்கள். அன்றோடு போவதில்லை, இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை இழுக்கும். அதற்காகவே ஒன்டான்செட்ரான், டெக்சாமெத்தசோன், அப்ரெபிடன்ட், ஓலன்சபைன் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுப்பது இன்று உலகம் ஒப்புக்கொண்ட முறை. ஒரு சுற்றில் எங்களுக்கு முதல் இரண்டு மட்டுமே கிடைத்தன. மற்றவை இருப்பில் இல்லை, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள், தேடியும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் அக்காவுக்கு ஒரு மிடறு தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. தண்ணீர் தங்காததால் உடல் வறண்டது; வறண்ட உடலில் சிறுநீரகம் அடிபட்டது; சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறியது; அடுத்த சுற்று தள்ளிப்போனது. மருந்து அலமாரியில் தயாராக இருந்தும் ஏற்ற முடியவில்லை. சில மாத்திரைகள் இல்லாமல் போனதன் விலை ஒரு சுற்று கீமோ.

இவற்றில் ஓலன்சபைன் மனநலச் சிகிச்சையில் நெடுங்காலமாகப் பயன்படும் சாதாரண மாத்திரை. கீமோவால் வரும் குமட்டலை அது நன்றாகக் குறைக்கிறது என்பது 2016-இல் வெளியான பெரிய ஆய்வில் தெளிவானது. அநேகமாக அது மருத்துவமனையின் இன்னொரு பிரிவில் இருக்கவே செய்யும். புற்றுநோய்ப் பிரிவின் பட்டியலில் ஏற்றினால் போதும்.

ஆகவே சிஸ்பிளாட்டின் கேட்டு அனுப்பும் ஒவ்வொரு தேவைப்பட்டியலிலும் சலைன், மெக்னீசியம், நான்கு வாந்தித் தடுப்பு மருந்துகள் ஆகியவை ஒரே தொகுப்பாக இணைக்கப்பட வேண்டும். ஒன்று இல்லையென்றாலும் தொகுப்பு முழுமையாகவில்லை என்று பதிவாக வேண்டும். நோயாளி வீட்டுக்குப் போகும்போது அடுத்த நாட்களுக்கான மாத்திரைகளும் கையோடு தரப்பட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் ரத்த அணுக்கள், கிரியேட்டினின், மெக்னீசியம் ஆகிய பரிசோதனைகள் அங்கேயே நடக்க வேண்டும். அப்புறம், செவித்திறன் சோதனை. இந்த மருந்தால் கேட்கும் திறன் குறைந்தால் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. காதில் இரைச்சல் என்று சொல்பவரை "கீமோ என்றால் அப்படித்தான்" என்று அனுப்பிவிடுவது சரியல்ல.

காய்ச்சல் பற்றியும் ஒரு வார்த்தை. கீமோவுக்குப் பின் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி போட வேண்டும். அவசரப் பிரிவில் டோக்கன் வரிசையில் உட்கார வைக்கக் கூடாது. கீமோ பெறுபவர் என்று காட்டும் அட்டை ஒன்று கொடுத்து, அதைக் கண்டதும் உள்ளே அனுப்பச் சொல்லுங்கள்.

மருந்தைக் கலந்து ஏற்றும் செவிலியர்களுக்கும் பாதுகாப்புக் கையுறை, மேலங்கி, கலப்பதற்கான தனி அறை வேண்டும். அவர்கள் கையில்தான் எங்கள் வீட்டார் உயிர் இருக்கிறது.

கடைசியாக, கேட்கத் தயங்கிய ஒன்று. முற்றிய நிலையில் இந்தக் கீமோ எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதை எங்களுக்கு யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும். 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோ பெற்றவர்களில் 69 சதவீதத்தினரும், பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்குப் பெற்றவர்களில் 81 சதவீதத்தினரும், அது தங்களைக் குணப்படுத்த வாய்ப்பில்லை என்பதைப் புரிந்துகொண்டிருக்கவில்லை. அக்காவும் நெடுநாள் அப்படித்தான் நம்பியிருந்தார். உண்மை தெரிந்த பின் அவர் சிகிச்சையை விடவில்லை. வலிக்கு மருந்து கேட்கத் தொடங்கினார், அதுவரை பொறுத்துக்கொண்டிருந்தார். வலி நிவாரணப் பராமரிப்பைக் கீமோ நின்ற பிறகு தொடங்குவது என்ற வழக்கம் மாற வேண்டும். முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கு ஆரம்பத்திலேயே அதைச் சேர்த்துக் கொடுத்தபோது, வாழ்க்கைத்தரம் உயர்ந்ததோடு ஆயுளும் சற்றுக் கூடியது என்று 2010-இலேயே ஓர் ஆய்வு காட்டியது. முதல் சுற்று நாளிலேயே அந்தப் பிரிவின் மருத்துவரும் நோயாளியைப் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம்.

மேற்சொன்ன தொகுப்பு முறை, குறைந்தபட்ச இருப்பு, காய்ச்சல் அட்டை, ஆரம்பத்திலேயே வலி நிவாரணப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு உத்தரவு பிறப்பித்து, இருப்பு நிலவரத்தை வாரம் ஒருமுறை பார்வையிடும் பொறுப்பை ஓர் அலுவலரிடம் ஒப்படைக்குமாறும், இம்மனு மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எங்களுக்கு எழுத்துமூலம் தெரிவிக்குமாறும் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கீழே கையொப்பமிட்டுள்ள குடும்பத்தினர்