மலைப்பாதைக்குத் தடித்த ஸ்டெபிலைசர் பார் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சாய்கிறதே என்று, பின்சக்கரம் தள்ளும் வண்டிகளுக்குப் பின்னால் தடித்த ஸ்டெபிலைசர் பார் (இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைத்து, வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) மாட்டுகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் படியில் ஏறும். 20 மி.மீ. கம்பியை 22 ஆக்கினால் விறைப்பு 10 சதவீதம் அல்ல, சுமார் 46 சதவீதம் கூடும். சாய்வு குறையும், உண்மைதான். ஆனால் வளைவில் பின்பக்க வெளிச்சக்கரத்தில் பாரம் குவிந்து உள்சக்கரம் லேசாகிவிடும். எஞ்சின் சக்தியை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில், இரண்டையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் லாக் இல்லையென்றால், ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் அந்த உள்சக்கரம் சும்மா சுற்றும். சாரலில் நனைந்த கற்பூரமர இலை கிடக்கும் ரோட்டில் வண்டியின் பின்பக்கமே வெளியே வழுக்கும். முன்பாரைத் தடிப்பாக்கினால் நேர்மாறு: ஸ்டீயரிங்கை ஒடித்தாலும் மூக்கு அகலப் போகும், பின்பக்கம் பிடித்து நிற்கும். இரண்டில் இதுவே தேவலை.

முதலில் பாரின் முனையை சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்க் ராடையும், பாரை வண்டியோடு பிடித்து வைக்கும் ரப்பர் புஷ்ஷையும் பாருங்கள். பள்ளத்தில் 'டொக் டொக்' என்றால் பல நேரம் அவைதான் காரணம். 22 மி.மீ. பாருக்கு 24 மி.மீ. ஓட்டையுள்ள புஷ் போட்டால் சிறு சாய்வில் பார் வேலையே செய்யாது. ரப்பர் புஷ்ஷில் சாதா கிரீஸ் தடவினால் ஊறி உப்பிவிடும். சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், உதகை